மூக்கில் குழாயோடு ஊதிய டிரம்பெட்

மச்சான்,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் பல் விளக்கியதும், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, உன்னுடைய விரல் கிளிப்பை என் விரலில் மாட்டிப் பார்க்கிறேன். எனக்குச் சீக்கு எதுவும் இல்லை. சும்மாதான். நகத்துக்குள் சிவப்பு வெளிச்சம் எரிகிறது. கொஞ்சம் யோசிக்கிறது. பிறகு தொண்ணூற்றெட்டு என்று காட்டுகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவன் நான். எந்தப் பாடத்திலும் முப்பதைத் தாண்டியதில்லை. இந்த வயதில் தினமும் தொண்ணூற்றெட்டு மார்க் விழுந்தால் ஆசை விடுமா?

நேற்று பாண்டியம்மா பார்த்துவிட்டாள்.

"கதவச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்றீக?"

"பரீட்சை எழுதுறேன்."

"நல்லா எழுதுனீக. அண்ணன் ஞாபகம் வந்தா வாசல்ல உக்காந்து அழுங்க. பாத்ரூம்ல எதுக்கு ஒளியிறீக? பின்னால ஆளு காத்துக்கெடக்கு."

நான் அழவில்லை மச்சான். அந்தச் சந்தோஷத்தை உனக்குக் கொடுப்பதாக இல்லை. "நான் போயிட்டா நீ ஒரு வாரம் சோறு திங்க மாட்டலே" என்று மார்க்கெட்டில் எல்லோர் முன்னாலும் பந்தயம் கட்டினாய். கல்லறையிலிருந்து வந்த அன்றைக்கே வயிறு முட்டத் தின்றேன். நீ தோற்றுப் போனாய். அதைச் சொல்லத்தான் இந்த மடல். பிழை இருந்தால் கவிதா திருத்தித் தருவாள். படித்த மகளைப் பெற்றதில் இந்த ஒரு லாபமாவது இருக்க வேண்டாமா?

விடியற்காலையில் மார்க்கெட்டில் மூட்டை தூக்குவது, சாயங்காலம் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் பேண்டு வாசிப்பது என்று நம் பிழைப்பு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. நீ டிரம்பெட், நான் பெரிய டிரம். "ஊதுறதுக்குத் தெறமை வேணும், அடிக்கிறதுக்குக் கோவம் இருந்தாப் போதும்" என்று என்னைக் கிண்டல் செய்வாய். மாதா கோவில் பவனியில் கற்றுக்கொண்ட ஊது அது. அகரத்துத் திருவிழாவில் நீ எடுத்து ஊதினால் ராட்டினத்தில் சுற்றுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு, கடைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"என்ன மச்சான், தூணு விழுந்துருமா? இம்புட்டு இறுக்கிப் புடிச்சிருக்க?"

பதிலுக்கு நீ திட்டவில்லை. வாய் திறந்திருந்தது, மூச்சுதான் இரைத்தது. என் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு உன்னைப் பிடித்துக்கொண்டேன். பஞ்சு மில்லில் இருந்த காலத்தில் கேட்காமல் உள்ளே போன தூசியும், அதற்குப் பிறகு நீயாக விரும்பி உள்ளே அனுப்பிய பீடிப் புகையும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன. இன்ஹேலரில் மருந்து உறிஞ்சினாய். பீடியை விட்டாய். கடைசியில் வீட்டுக்கு அந்த மிஷின் வந்தது. நிமிர்த்தி வைத்த பெட்டி மாதிரி ஒன்று, இரைந்துகொண்டே இருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் வந்து உன் மூக்கில் நிற்கும்.

நம் ஊரில் ஆக்சிஜன் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. கொரோனா வந்துவிட்டுப் போன பிறகு அது இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. "ஆக்சிஜன் வச்சாச்சாம்" என்று ஒருத்தர் சொன்னால், "எப்ப எடுக்குறாக?" என்று அடுத்தவர் கேட்கிற ஊர் இது. பிரெட் பாக்கெட்டும் ஆப்பிளுமாக வந்து உன் கட்டிலைச் சுற்றி நின்று, உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், உன் வீட்டுக்காரி, தங்கச்சி செலினிடம், "இருக்கும்போது நல்ல மனுசன்" என்றார்கள். நீ கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாய்.

அதிலிருந்து ஒரு வேலை பண்ணினாய். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு, மிஷின்மேல் போர்வையைப் போட்டுவிட்டு, எழுந்து உட்கார்ந்து அரசியல் பேசுவாய். வந்தவர் கிளம்புவதற்குள் உன் உதடு கறுத்துவிடும்.

"என்ன மச்சான், நாவப்பழம் தின்னியா? எனக்கு வைக்கலையா?"

"ஏலே, ஒனக்கென்ன. என்னைய உசுரோட செத்தவன் வரிசைல சேக்குறானுக. நான் சேர மாட்டேன்."

உன் வழக்கு அதுதான். மூச்சு இருக்கிற வரைக்கும் உன்னை ஆள் கணக்கில் வைக்க வேண்டும். மற்ற எதையும் நீ கேட்கவில்லை.

பிறகு செலினின் சித்தப்பா வந்தார். நல்ல மனிதர், அதுதான் ஆபத்து. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற கிளிப்பை உன் விரலில் மாட்டிப் பார்த்தார். எண்பத்தொன்பது. "எங்க வீட்ல எல்லாத்துக்கும் தொண்ணூத்தெட்டு காட்டுது. மருமகனுக்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம்?" என்று மிஷினின் திருகை முழுக்கத் திருகிவிட்டுப் போய்விட்டார். நம்பர் ஏறியது. வீடே சந்தோஷப்பட்டது. நீ அமைதியாகத் தூங்கினாய். சாப்பிட எழுப்பியபோது பாதிக் கண் திறந்து, செலின் கொடுத்த கஞ்சியைச் சத்தம் போடாமல் வாங்கினாய்.

செலின் எனக்குப் போன் அடித்தாள். "அண்ணே, கஞ்சில உப்பே போடல. இவரு என்னையத் திட்டல. ஏதோ ஆயிருச்சு, ஓடி வாங்கண்ணே."

ஒரு மனைவிக்கு இதைவிடப் பெரிய மிஷின் வேண்டாம் மச்சான். மார்க்கெட்டிலிருந்து அப்படியே ஓடி வந்தேன். ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சரியான அளவுக்குக் காற்றைக் குறைத்து, முகத்தில் ஒரு மூடியை இறுக்கிக் கட்டி, எதெதையோ செய்து உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கண் விழித்ததும் நீ சொன்ன முதல் சொல்லை நான் இங்கே எழுத முடியாது, கவிதா திருத்துகிறாள்.

அந்த டாக்டரம்மாவை நினைவிருக்கிறதா? சின்ன வயசு, பொறுமைசாலி. திருகைக் கூட்டினால் நல்லதுதானே, எப்படிக் கெட்டது ஆகும் என்று நான் கேட்டேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மூக்குல போற காத்து, குழாய்ல எறங்கி, ரெண்டாப் பிரிஞ்சு, கிளை கிளையாப் பிரிஞ்சு, கடைசில குட்டிக் குட்டிப் பையில முடியும். திராட்சைக் கொத்து மாதிரி."

"காந்திகிராமம் தாண்டிப் பந்தல்ல தொங்குமே, அதும் மாதிரியா?"

"அதேதான். ஒவ்வொரு பையச் சுத்தியும் முடியவிட மெல்லிசா ரத்தக் குழாய் இருக்கும். நடுவுல இருக்கிற சுவரு ரொம்ப ரொம்ப மெல்லிசு. அதத் தாண்டித்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள்ள போகும்."

"அப்ப அதுதான் மார்க்கெட்டு" என்றாய் நீ. மூடியைக் கழற்றி அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வாய். "லோடு மாத்துற எடம்."

"ஆமா. ஏத்துன லோடு நேரா உடம்புக்குப் போகாது. மொதல்ல இதயத்துக்கு. அங்க ரெண்டு பம்பு. இடது பக்கத்துப் பம்பு அத உடம்பு பூரா தள்ளும். மூளைக்கு, கைக்கு, கால் விரலுக்கு. அங்க எறக்கிட்டு, கழிவுக் காத்த ஏத்திக்கிட்டு, வலது பக்கத்துப் பம்புக்குத் திரும்பி வரும். அது நுரையீரலுக்குத் தள்ளும். அங்க கழிவ எறக்கிட்டு மறுபடி ஏத்தும்."

"ரிட்டன் லோடு" என்றேன் நான். "வெறும் வண்டியா வராதாக்கும்?"

"ஒரு நடைகூட வெறும் வண்டி கிடையாது."

"தூக்குறது யாரு?" என்றாய்.

"சிவப்பணு. அதுக்குள்ள இரும்பு இருக்கு. அந்த இரும்பப் புடிச்சுக்கிட்டுத்தான் ஆக்சிஜன் போகும்."

நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "கொக்கி!" என்று கத்தினோம். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி என் இடுப்பிலேயே இருந்தது, வேலையிலிருந்து நேராக வந்தவனல்லவா. அதை உருவிக் காட்டினேன். நர்ஸம்மா அலறிக்கொண்டு வெளியே ஓடினார். டாக்டரம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆமாம், இதுதான் என்றார்.

"ஒரு நடைக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

"சும்மா படுத்திருக்கும்போது, கிட்டத்தட்ட ஒரு நிமிஷம்."

உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நிமிசத்துக்கு ஒரு நடையா? பொறந்ததுல இருந்தா? லீவே இல்லாமயா? அந்த ஆளுகளுக்குச் சங்கம் கிங்கம் ஒண்ணும் கெடையாதா?"

டாக்டரம்மா சிரித்தது வராந்தா வரைக்கும் கேட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். உன் கொத்தில் நிறையப் பைகள் கிழிந்துபோய்விட்டன. மார்க்கெட் சுருங்கிவிட்டது. உள்ளே போன காற்று வெளியே வரத் திணறுகிறது. ஆக்சிஜனை அளவுக்கு மேல் திறந்துவிட்டால் உன் மாதிரி ஆட்களுக்குக் கழிவுக் காற்று ரத்தத்தில் தேங்கிவிடும், அதுதான் அந்த மயக்கம். மற்றவர்களுக்குத் தொண்ணூற்றெட்டு என்றால், உனக்கு எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள் நின்றால் போதும். அதுதான் உன் பாஸ் மார்க்.

கடைசியாக ஒரு பயிற்சி சொன்னார். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, மெதுவாக, நீளமாக ஊதி வெளியே விட வேண்டும். அப்படி விட்டால் தேங்கின காற்று வெளியேறும். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"டாக்டரம்மா, மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடி இருந்து நான் இந்த வேலதான் பாக்குறேன்."

நானும் ஊதிப் பார்த்தேன். எச்சில் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் தெறித்தது. "இவன் தொண்ணூத்தெட்டு வாங்கி என்னத்தக் கிழிச்சான் பாத்தீகளா?" என்றாய்.

வீட்டுக்கு வந்ததும் போர்வையை எடுத்துப் போட்டுவிட்டாய். மிஷினை வாசலுக்கு நேராக இழுத்து வைக்கச் சொன்னாய். வருகிறவன் முதலில் அதைப் பார்க்கட்டும், பிறகு என்னைப் பார்க்கட்டும் என்றாய். வெளியே போகச் சின்ன சிலிண்டர் ஒன்று வந்தது. மார்க்கெட் தள்ளுவண்டியில் அதை நிறுத்திக் கட்டி, பக்கத்தில் நீ உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு டீக்கடைக்கு வந்தாய். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள். டீயடுப்புக்கு ரொம்பத் தள்ளி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, "கிளாஸ இங்க கொண்டாங்கப்பா. யாரும் பக்கத்துல பீடி பத்த வைக்கக் கூடாது, வச்சா எல்லாரும் சேந்து பழனி மலைக்குப் பறந்துருவோம்" என்றாய். ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும்.

அந்த மாதம்தான் கவிதா கல்யாணம். மாப்பிள்ளை வீடு நத்தம். சாயங்காலம் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பு. நீதான் ஊத வேண்டும் என்று நானும், நான்தான் ஊதுவேன் என்று நீயும் முன்பே முடிவு பண்ணியிருந்தோம். டாக்டரம்மாவிடம் கேட்டோம். உட்கார்ந்துகொண்டு, குழாயைக் கழற்றாமல், மெதுவாக ஊதலாம், இரைத்தால் நிறுத்த வேண்டும், பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது என்றார்.

நெருப்பு இருக்கக் கூடாது என்றால் வெடி இருக்கக் கூடாது. மாப்பிள்ளையின் பெரியப்பா நத்தத்திலிருந்து ஒரு கோணிப்பை நிறையச் சரவெடியோடு வந்து இறங்கினார். நான் பையின் வாயைப் பிடித்துக்கொண்டேன்.

"சம்பந்தி, வெடி இல்லாம அழைப்பா? எங்க ஊர்ல நாளைக்கு நான் எப்படித் தலை நிமிந்து நடக்குறது?"

"பெரியவரே, வெடி நாளைக்கும் கெடைக்கும். இவன் கெடைக்க மாட்டான்."

அவர் தள்ளுவண்டியைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். குழாய் போகிற வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போய் உன் மூக்கில் வந்து நின்றார். முகம் மாறிவிட்டது.

"சுப காரியங்க இது. ஆக்சிஜன் வச்ச ஆளையா முன்னால விடுவீக? சகுனம்னு ஒண்ணு இல்லையா?"

பாண்டியம்மா என் கையைப் பிடித்தாள். மகள் கல்யாணம், வாயை அடக்கு என்று அந்தப் பிடிக்கு அர்த்தம். தெருவில் சொந்தபந்தம் அத்தனையும் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள், நீ வண்டியில் இருந்தபடியே டிரம்பெட்டை மடியில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாய்.

"ஐயா, ஒரு சந்தேகம். இங்க ஆக்சிஜன் இல்லாம நிக்கிறவுக யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க. அவுக முன்னால போகட்டும். நான் பின்னால வாரேன்."

ஒரு கை எழவில்லை. நீ மூச்சு வாங்கினாய், ஆனால் விடவில்லை.

"அம்புட்டுப் பேருக்குள்ளயும் அதேதான் ஓடுது. ஒங்களுக்குச் சும்மா வருது, எனக்குக் குழாய்ல வருது. இதுல சகுனம் எங்க இருந்து வந்துச்சு?"

பெரியப்பா பையைக் கீழே வைத்துவிட்டார். நான் பட்டு வேட்டியோடு பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டினேன். "பொண்ணப் பெத்தவனே டிரம்மு அடிக்கிறான்டோய்" என்று எவனோ கத்தினான். ஆமாம்டா, அடிக்கிறேன், அதற்கு இப்போது என்ன?

நீ ஊதினாய். பழைய ஊது இல்லை அது. பாதி இடத்தில் காற்று மட்டும்தான் வந்தது. ஆனாலும் அது நீதான், எனக்குத் தெரியாதா? செலின் வண்டியோடு நடந்து வந்தாள், உன் விரலில் கிளிப், அவள் வாயில் நம்பர். "தொண்ணூறு... எம்பத்தொம்பது... எம்பத்தெட்டு, போதும், எறக்குங்க!" உடனே நீ டிரம்பெட்டை இறக்கி, உதட்டைக் குவித்து ஊதி ஊதிக் காற்றை விடுவாய். பேண்டு செட்டு நிற்கும். செட்டு நின்றால் ஊர்வலம் நிற்கும். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை நடுத்தெருவில் நிற்பார்.

"ஏன் நிக்குது?" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

"பொறுங்க, லோடு ஏறுது" என்று நான் கத்துவேன்.

மூன்றாவது தடவை நின்றபோது, ஊர்வலம் மொத்தமும் சேர்ந்து "லோடு ஏறுது" என்று கத்தியது. மண்டபத்துக்கு வந்து சேர்வதற்குள் பந்தியில் சாம்பார் ஆறிவிட்டது. வாசலில் பெரியப்பா வேர்த்து விறுவிறுத்து உன் வண்டிப் பக்கம் வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "அந்தக் கிளிப்ப எனக்கு ஒருதரம் மாட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டார். அவருக்குத் தொண்ணூற்றாறு. பந்தி முடியும் வரைக்கும் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் உனக்குச் சளி கட்டியது. இந்தத் தடவை டாக்டரம்மாவாலும் முடியவில்லை. முன்பு போலவே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், ஆனால் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. நீ என்னைப் பார்த்து உதட்டை மட்டும் குவித்துக் காட்டினாய். கிண்டலா, மூச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிண்டல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

உன்னைக் கொண்டுபோன அன்றைக்கு நம் செட்டுதான் வந்தது. வேறு செட்டிலிருந்து டிரம்பெட்டுக்கு ஆள் கூப்பிடலாம் என்றார்கள். உன் இடத்தில் இன்னொருவன் நிற்பதா? முடியாது என்றேன். நீ ஊத வேண்டிய இடம் வந்தபோது எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டோம். சுமந்தவர்களும் நின்றுவிட்டார்கள். ஏன் நிற்கிறது என்று யாரோ கேட்டார்கள். என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"பொறுங்க, லோடு ஏறுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் நகரவும் இல்லை. செலின்தான், "போகலாம்ணே" என்றாள்.

மச்சான், உன்னைச் செத்தவன் வரிசையில் சேர்க்க என்னிடம் யாரும் கையெழுத்து வாங்க முடியாது. மார்க்கெட்டில் இப்போது மூட்டையை இறக்கிவிட்டு நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வயசாகிறது. அப்போது மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து விடுகிறேன். உள்ளே ஒரு கூட்டம் கொக்கியோடு வரிசையில் நிற்கிறது, நிமிஷத்துக்கு ஒரு நடை, லீவு கிடையாது, சங்கம் கிடையாது. அவர்களுக்குப் பயந்தாவது நான் பீடியைத் தொடுவதில்லை. நீ சொல்லிக் கேட்கவில்லை, நீ போன பிறகு கேட்கிறேன், அதற்காக ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

கிளிப்போடு டிரம்பெட்டையும் செலின் என்னிடம் கொடுத்துவிட்டாள். இனிமேல் டிரம்பெட்டுக்குப் பதில் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்கிறான் நம் செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவன். இந்த வயதில் அடிக்கிறவன் ஊதக் கற்றுக்கொள்ள முடியாதாம். எச்சில் தெறிக்கிற வாய் இதற்கு ஆகாதாம். பார்த்துவிடலாம் என்று தினமும் காலையில் மொட்டை மாடியில் நின்று ஊதுகிறேன். ஊதுவதற்கு முன்னால் கிளிப்பில் தொண்ணூற்றெட்டு காட்டுகிறது. ஊதிய பிறகும் தொண்ணூற்றெட்டுதான். சத்தம்தான் வராமலே இருந்தது.

முந்தாநாள் முதல் தடவையாக வந்தது. கொஞ்சம் நீளமாகவே வந்தது. சற்று நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ரோஜா மாலையோடு வாசலில் வந்து நின்றார். "எப்ப நடந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். எதுவும் நடக்கவில்லை, நான்தான் ஊதிப் பழகுகிறேன் என்றேன். சாவுக்கு வாங்கின மாலையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார். அதனால் அதை வாங்கி வாசல் ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது ஆடு தின்றிருந்தது. நார் மட்டும் தொங்கியது.